‘என் சட்டைக்கு இஸ்திரி போடு’: வேட்பாளர்களைப் பற்றிய பேச்சில் ஒளிந்திருக்கும் பாகுபாடு

2008 ஜனவரி 7. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சேலம் என்றொரு ஊர். அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஹிலாரி கிளிண்டன் அங்கே பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த மாநிலத்தில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, ‘என் சட்டைக்கு இஸ்திரி போடு’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். அரங்கின் விளக்குகளைப் போடச் சொன்ன ஹிலாரி, பெண்களை மட்டமாகப் பார்க்கும் வழக்கத்தின் மிச்சசொச்சம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றார். இருவரையும் வெளியேற்றினார்கள்.

இது பாகுபாடு என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கத்தியவர்களுக்கே தெரியும்.

அதே நாளில், அதே மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில், ஒரு காபிக் கடையில் நடந்த சந்திப்பு வேறு மாதிரி. இத்தனை அலைச்சலையும் எப்படித் தாங்குகிறீர்கள் என்று ஒரு பெண் பரிவோடு கேட்டார். பதில் சொல்லும்போது ஹிலாரியின் கண்கள் கலங்கின, குரல் தழுதழுத்தது. சில நொடிகள்தான். அதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. அந்தக் கண்ணீர் நிஜமா, நடிப்பா? இவ்வளவு எளிதில் கலங்குபவர் நாட்டை ஆள முடியுமா? இல்லை, இதுவரை கல்லாக இருந்தவர் வாக்குக்காக இளகிக் காட்டுகிறாரா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. கோட்டு சூட்டு போட்டு, நிதானமாக, அரசியலை அலசுவதாக நினைத்தே பேசினார்கள். விளக்கம் தேவைப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

தமிழில் நாம் பயன்படுத்தும் சொற்களே இங்கே கொஞ்சம் வழிதவறச் செய்கின்றன. ‘இனவெறி’, ‘நிறவெறி’ என்கிறோம். வெறி என்றவுடன் கண் சிவந்த ஆள், கையில் கல், வாயில் வசவு என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் பிறந்த இனத்தையோ நிறத்தையோ பாலினத்தையோ வைத்து அவருக்குத் தனி அளவுகோல் வைப்பதற்கு வெறி தேவையில்லை. புன்னகையோடு செய்யலாம். பாராட்டிக்கொண்டே செய்யலாம். தன்னை நியாயவானாக உண்மையிலேயே நம்பிக்கொண்டும் செய்யலாம். அதனால் இந்தக் கட்டுரையில் ‘பாகுபாடு’ என்ற சொல்லையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். பெண் என்பதால் வைக்கப்படும் தனி அளவுகோல் பாலினப் பாகுபாடு. கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்பதால் வைக்கப்படுவது இனப் பாகுபாடு.

அந்த அளவுகோல் பெரும்பாலும் வசவில் இருப்பதில்லை, கேள்வியில் இருக்கிறது. ஒரு வேட்பாளரிடம் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, அதே இடத்தில் நிற்கும் இன்னொருவரிடம் ஏன் அது கேட்கப்படுவதில்லை என்று பார்க்கத் தொடங்கினால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

1937-இல் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஒரு பெண் ‘மற்ற எல்லா வகையிலும் தகுதியுள்ளவராக’ இருந்தால் அவரை அதிபராக்க வாக்களிப்பீர்களா என்பது கேள்வி. ஆம் என்றவர்கள் 33 சதவீதம். எனக்கு அந்த எண்ணைவிட ‘மற்ற’ என்ற ஒற்றைச் சொல்தான் முக்கியம். மற்ற எல்லா வகையிலும் தகுதி என்றால், பெண்ணாக இருப்பது ஒரு தகுதிக் குறைவு என்பது கேள்விக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது. பதில் சொல்பவர் அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆம், இல்லை என்றே சொல்ல முடியும். பின்னர் கேள்வியின் வாசகத்தை மாற்றினார்கள். அந்த ‘மற்ற’ மட்டும் கருத்துக்கணிப்புத் தாளைவிட்டு நகர்ந்து பொதுப்பேச்சில் குடியேறிவிட்டது.

கண்ணீருக்கே திரும்புவோம். 1987 செப்டம்பரில், கொலராடோவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பேட் ஷ்ரோடர், அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று டென்வர் நகரில் அறிவித்தார். அறிவிக்கும்போது அழுதுவிட்டார். பெண்கள் உயர்பதவிக்கு ஏற்றவர்கள் அல்ல என்பதற்கு அந்தக் காட்சி பல வருடங்கள் சான்றாகக் காட்டப்பட்டது. அழுதது ஒரு பெண், தீர்ப்பு எல்லாப் பெண்களுக்கும்.

ஆண்கள் அழுதால் விட்டுவிடுவார்களா என்று கேட்டால், இல்லை. 1972-இல் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த எட்மண்ட் மஸ்கி என்ற செனட்டர் தன் மனைவியைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியதைக் கண்டித்துக் கொட்டும் பனியில் நின்று பேசினார். அவர் அழுதார் என்று செய்தி வந்தது. முகத்தில் உருகி வழிந்தது பனி என்றார் அவர். யாரும் காதுகொடுக்கவில்லை. அவருடைய பிரசாரம் அதிலிருந்து மீளவே இல்லை. ஆணுக்கும் இதே கதிதானே, பிறகு எங்கே பாகுபாடு என்று தோன்றலாம். மஸ்கி ஏன் தண்டிக்கப்பட்டார் என்று யோசித்துப் பாருங்கள். ‘பெண்ணைப் போல’ அழுததற்காக. அதிபர் பதவி என்ற அங்கி ஆண் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதில் அடங்காத ஆணும் அடிபடுகிறார். ஆனால் மஸ்கிக்குப் பிறகு, ஆண்கள் பொதுவாகவே ஆளத் தகுதியற்றவர்கள் என்று யாரும் எழுதவில்லை.

அழுதால் பலவீனம். அழாவிட்டால் கல்நெஞ்சம். குரல் உயர்ந்தால் கிறீச்சிடுகிறார், தாழ்ந்தால் தெம்பில்லை. சிரித்தால், ஹிலாரியின் சிரிப்பைப் பற்றி 2007-இல் பத்திரிகைகள் எழுதியதைப் போல, அது ‘கெக்கலிப்பு’. இப்படி எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டும் சந்துக்குள்தான் பெண் வேட்பாளர் நடக்க வேண்டியிருக்கிறது. இது வெறும் புலம்பல் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கற்பனையான ஓர் அரசியல்வாதியைப் பற்றிய குறிப்பை மக்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். குறிப்பில் பெரிய மாற்றமில்லை, பெயர் மட்டும் சிலருக்கு ஆண் பெயர், சிலருக்குப் பெண் பெயர். அந்த அரசியல்வாதி அதிகாரத்தை விரும்புபவர் என்று எழுதியிருந்தபோது, ஆணைப் பற்றிய மதிப்பு குறையவில்லை. பெண்ணுக்கு வாக்களிக்கும் விருப்பம் குறைந்தது. அருவருப்பு, ஆத்திரம் போன்ற உணர்ச்சிகளும் வெளிப்பட்டன. ஆண்கள், பெண்கள் இருவரிடமும்.

அதிகாரத்தை விரும்பாமலா ஒருவர் தேர்தலில் நிற்பார்?

பெண்களிடமும் இந்த அளவுகோல் இருக்கிறது என்பதை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. 2007 நவம்பரில் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் வாக்காளர்களைச் சந்தித்தார். ஹிலாரியை, பெண்களை நாயோடு சேர்த்துத் திட்டும் சொல்லால் குறிப்பிட்டு, அவளை எப்படித் தோற்கடிப்பது என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் ஒரு பெண். கூட்டம் சிரித்தது. மெக்கெய்னும் சிரித்தபடி, அருமையான கேள்வி என்றார்.

பாகுபாடு ஒரு கட்சியின் சொத்தும் இல்லை. 2008-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராக அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய கொள்கைகளை எதிர்க்க ஆயிரம் காரணம் இருந்தது. வெளிநாட்டு விவகாரங்களில் அவர் தடுமாறியதைத் தொலைக்காட்சி நேர்காணல்களில் நாடே பார்த்தது. அதைப் பேசியிருந்தால் போதும். ஆனால் பெண்ணுரிமை பேசும் பலரே அவரைப் பொம்மை அழகி என்று கேலி செய்தார்கள். ஐந்து பிள்ளைகளின் தாய், கடைசிக் குழந்தை டவுன் சின்ட்ரோமோடு பிறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, இவர் எப்படி இந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்று கேட்டார்கள். எதிரணியில் நின்ற பராக் ஒபாமாவுக்கும் இரண்டு சின்னப் பெண்கள் இருந்தார்கள், ஒருத்திக்குப் பத்து வயது, இன்னொருத்திக்கு ஏழு. அவர் வெள்ளை மாளிகைக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எங்கேயும் விவாதமாகவில்லை.

நமக்குப் பிடிக்காத வேட்பாளர் மீது வீசப்படும்போதும் பாகுபாட்டை அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. பேலின் விஷயத்தில் அந்தச் சோதனையில் பலர் தேறவில்லை.

ஒபாமாவுக்கு வந்த கேள்விகள் வேறு. முதலில் வந்தது பாராட்டு. 2007 தொடக்கத்தில், தானும் போட்டியில் இறங்கிய ஜோ பைடன், ஒபாமாவைப் பற்றிச் சொன்னது: நன்றாகப் பேசத் தெரிந்தவர், புத்திசாலி, சுத்தமானவர், பார்க்க லட்சணமானவர், இப்படியொரு கறுப்பினத்தவர் பொதுநீரோட்டத்தில் முதன்முறையாக வந்திருக்கிறார். பைடன் மனதாரப் பாராட்டினார் என்றே நினைக்கிறேன். பிறகு வருத்தமும் தெரிவித்தார். ஆனால் ஹார்வர்டில் சட்டம் படித்த ஒரு செனட்டருக்கு நன்றாகப் பேச வருகிறது என்பதில் என்ன வியப்பு? வியப்பு வருகிறதென்றால், அந்த நிறத்துள்ளவரிடம் அதை எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். ‘உன் சாதியில் இப்படிப் படிச்ச பையனா!’ என்ற பாராட்டை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களுக்கு இந்த நுட்பம் உடனே புரியும்.

அடுத்து வந்ததுதான் பெரியது: நீ இந்த நாட்டில்தான் பிறந்தாயா? அமெரிக்காவில் பிறப்பால் குடிமகனானவரே அதிபராக முடியும். ஒபாமா 1961 ஆகஸ்ட் 4 அன்று ஹவாயின் ஹோனலூலுவில் பிறந்தவர். ஹவாய் மாநிலமானது 1959-இல். 2008-லேயே பிறப்புச் சான்றிதழை அவர் தரப்பு வெளியிட்டது. அப்படியும் அவர் கென்யாவில் பிறந்தவர் என்ற வதந்தி ஓயவில்லை. 2011-இல் டொனால்ட் டிரம்ப் அதைக் கையில் எடுத்து ஊர் ஊராகப் பேசினார். அந்த வருடம் ஏப்ரல் 27 அன்று, பதவியில் இருக்கும் ஓர் அதிபர், தன் முழு நீளப் பிறப்புப் பதிவேட்டு நகலை நாட்டுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று டிரம்ப் ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில், தன் சொந்தத் தேர்தல் பிரசாரத்தின் நடுவே, சில நொடிகளில்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உண்மை கிடக்கிறது. 2008-இல் ஒபாமாவை எதிர்த்த மெக்கெய்ன் பிறந்தது அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் இல்லை. அவருடைய அப்பா கடற்படை அதிகாரி. 1936-இல், அப்போது அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்த பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர் அவர். சட்ட அறிஞர்கள் சிலர் அதைப் பற்றி எழுதினார்கள், ஒன்றிரண்டு வழக்குகளும் வந்து போயின. 2008 ஏப்ரலில் செனட் சபை, மெக்கெய்ன் பிறப்பால் குடிமகன்தான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்து ஆதரித்தவர்களில் ஒபாமாவும் ஒருவர், ஹிலாரியும் ஒருவர். பிரச்சினை அத்தோடு முடிந்தது. உள்ளூரில் பிறந்தவர் வருடக்கணக்காகக் காகிதம் காட்ட, வெளியே பிறந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மெக்கெய்ன் மீது எனக்கு இதில் குறையில்லை, அவர் குடிமகன்தான். பிறந்த இடம்தான் உண்மையான கவலை என்றால் இருவரையும் ஒரே மாதிரி குடைந்திருப்பார்கள். உறுத்தியது நிறமும், ஹுசைன் என்ற நடுப்பெயரும்.

இந்த இரண்டு பாகுபாடுகளையும் பற்றிப் பேசும்போது ஜெரால்டின் ஃபெராரோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1984-இல் ஒரு பெரிய கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தப்பட்ட முதல் பெண் அவர். அந்தத் தேர்தலில், நீங்கள் பெண் என்பதாலேயே சோவியத்துகள் உங்களிடம் வாலாட்டிப் பார்க்க மாட்டார்களா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனபோது அங்கிருந்த வேளாண் துறைத் தலைவர், உங்களுக்குப் புளூபெர்ரி மஃபின் செய்யத் தெரியுமா என்று கேட்டார். “நன்றாகவே தெரியும். உங்களுக்கு?” என்று திருப்பிக் கேட்டார் ஃபெராரோ. எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது.

24 வருடம் கழித்து, 2008 மார்ச்சில், ஹிலாரியின் ஆதரவாளராக அதே ஃபெராரோ சொன்னது இது: ஒபாமா வெள்ளைக்காரராக இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார், எந்த நிறத்துப் பெண்ணாக இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார், அவர் அவராக இருப்பது அவருடைய அதிர்ஷ்டம். பெரும் சர்ச்சையானது. ஹிலாரியின் பிரசார நிதிக் குழுவிலிருந்து விலகினார். தன்னைக்கூட 1984-இல் பெண் என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதை மறைத்ததில்லையே என்பது அவருடைய வாதம். அவர் கசப்பின் வேர் எனக்குப் புரிகிறது. ஆனால் அதுவரை அதிபராக இருந்த 42 பேரும் வெள்ளை ஆண்கள். அந்த நாட்டில் கறுப்பாகப் பிறந்தது அதிர்ஷ்டம் என்று சொல்ல, மஃபின் கேள்வியை எதிர்கொண்ட ஒருவருக்கே மனம் வந்தது. ஒரு பாகுபாட்டில் அடிபட்டவருக்கு இன்னொன்று தானாகத் தெரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். தெரிவதில்லை.

2008 முழுக்க, பெண்ணாக இருப்பது கஷ்டமா கறுப்பாக இருப்பது கஷ்டமா என்று ஒரு பட்டிமன்றம் அமெரிக்காவில் நடந்துகொண்டே இருந்தது. அந்தப் பட்டிமன்றத்தின் இரண்டு அணியிலும் இடமில்லாத ஒரு கூட்டம் உண்டு. கறுப்பினப் பெண்கள்.

ஷெர்லி சிஷோம், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற முதல் ஆள். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், பெற்றோர் கரீபியப் பகுதியிலிருந்து குடியேறியவர்கள், குழந்தைகள் காப்பகங்களை நடத்திய ஆசிரியை. 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் ஃபார்மரும் கறுப்பினத்தவர், குடிமை உரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர். அவருடைய பிரசாரம், வாஷிங்டனில் நமக்கு ஓர் ஆணின் குரல் வேண்டும் என்ற தொனியில் போனது. அந்தத் தொகுதியில் பெண் வாக்காளர்கள் அதிகம் என்பதைச் சிஷோம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். எளிதாக ஜெயித்தார்.

1972 ஜனவரி 25 அன்று, புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில், அதிபர் வேட்பாளராகத் தன்னை அறிவித்தபோது அவர் பேசியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: நான் கறுப்பினத்தவள், அதில் எனக்குப் பெருமை, ஆனாலும் நான் கறுப்பு அமெரிக்காவின் வேட்பாளர் அல்ல. நான் பெண், அதிலும் எனக்கு அதே பெருமை, ஆனாலும் நான் பெண்கள் இயக்கத்தின் வேட்பாளர் அல்ல. நான் அமெரிக்க மக்களின் வேட்பாளர். ஒரு வெள்ளை ஆண் வேட்பாளர் இப்படித் தொடங்க வேண்டியதே இல்லை. ‘நான் எல்லோருக்குமான வேட்பாளர்’ என்பது அவருக்குச் சொல்லாமலே கிடைக்கும். சிஷோம் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கிடைக்கவில்லை. கறுப்பின ஆண் தலைவர்கள் பலர், ஒரு பெண்ணா நம்மை முன்னின்று நடத்துவது என்று தயங்கினார்கள். பெண்கள் இயக்கத்தினர் பலர், ஜெயிக்கக் கூடியவர் என்று, அதே போட்டியில் இருந்த செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் போனார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் இடம் பெறவே அவர் சட்டப்படி போராட வேண்டியிருந்தது. கட்சி மாநாட்டில் 152 பிரதிநிதிகளின் வாக்குகள் கிடைத்தன. நிறத்தைவிடப் பெண்ணாக இருந்ததே தனக்கு அதிகத் தடையானது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அமெரிக்காவின் இனப் பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்று தெரிந்த பலருக்கு அது இன்றும் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

இரண்டு பாகுபாடுகள் ஒரே ஆளின் மீது குறுக்காக வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று உருவாகிறது. அது இரண்டின் கூட்டல் மட்டுமல்ல. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் ஊடுவெட்டு, குறுக்குவெட்டு என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி மோதலாம் என்பது அவர் சொன்ன உவமை. எந்த வண்டி மோதியது என்று நிரூபித்தால்தான் மருத்துவம் பார்ப்போம் என்றால், அடிபட்டவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

நமக்குப் பக்கத்து உதாரணம் கமலா ஹாரிஸ். அம்மா சியாமளா கோபாலன், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளரானவர். தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். அப்பா ஜமைக்காவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது ‘சித்தி’ என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னார். நம்மில் பலர் அன்று சிலிர்த்தோம்.

இரண்டு மாதம் கழித்து, ஜார்ஜியாவில் ஒரு கூட்டத்தில், செனட்டர் டேவிட் பெர்டியூ அந்தப் பெயரை நாலைந்து விதமாக இழுத்து, குழப்பி, ‘கமலா-மலா-மலா, என்னவோ போங்கள்’ என்றார். கூட்டம் சிரித்தது. தற்செயலாகத் தவறாக உச்சரித்துவிட்டார் என்று அவர் தரப்பு சொன்னது. இருவரும் மூன்று வருடத்துக்கும் மேலாக ஒரே சபையில் உட்கார்ந்திருந்தவர்கள். கமலா என்பது மூன்றெழுத்து. ஹாலிவுட் நடிகர் ஸ்வார்ஸ்நெகரின் பெயரை உலகமே கற்றுக்கொண்டது. ஒரு பெயரைக் கற்றுக்கொள்ள மறுப்பதும், அதை மேடையில் காட்டிச் சிரிப்பதும், ‘இவர் நம்மவர் இல்லை’ என்பதை அப்படிச் சொல்லாமலே சொல்லும் வழி. கேட்பவர்களுக்குப் புரியும், பிறகு கேள்வி வந்தால் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று நழுவவும் முடியும்.

2024-இல் அவர் அதிபர் வேட்பாளரானவுடன், குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அவரை ‘பன்முகத்தன்மைக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்’ என்றார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற முணுமுணுப்பைக் கேட்டவர்களுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டாம். அப்போது அவர் சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல், செனட்டர், துணை அதிபர் என்று 20 வருடத் தேர்தல் அரசியலைக் கடந்திருந்தார். 2020-இல் ஒரு பெண்ணையே துணை அதிபர் வேட்பாளராக நிறுத்துவேன் என்று பைடன் முன்கூட்டியே அறிவித்தது உண்மைதான். ஆனால் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே எப்போதும் ஒரு சமன்பாட்டுக் கணக்கு. 1960-இல் கென்னடி, தெற்கு மாநிலங்களுக்காக டெக்சாஸ்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். ஜான்சனைக் கோட்டாவில் வந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. 2016-இல் டிரம்ப் எந்தப் பதவியிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அது அனுபவமின்மை என்று விமர்சிக்கப்பட்டது, அவருடைய இனத்தின் தகுதியின்மை என்று அல்ல.

2024 ஜூலை 31 அன்று, சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் நிறைந்த அரங்கில் ஹாரிஸைப் பற்றி டிரம்ப் கேட்டார்: இவர் இந்தியரா, கறுப்பினத்தவரா? சில வருடங்களுக்கு முன்னால்தான் திடீரென்று கறுப்பினத்தவராக மாறினார் என்றும் சொன்னார். ஹாரிஸ் படித்தது கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், 1980-களில். அம்மா ஓர் ஊர், அப்பா ஓர் ஊர் என்றால் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்? ஒரு மாதம் கழித்து ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டபோது, அதே பழைய, சலித்துப்போன உத்தி என்றார் ஹாரிஸ். “அடுத்த கேள்வி, ப்ளீஸ்.”

அப்படியானால் இவர்களை விமர்சிக்கவே கூடாதா? தாராளமாக விமர்சிக்கலாம். 2002-இல் இராக் போருக்கு ஆதரவாக ஹிலாரி வாக்களித்தார். 2008-இல் ஒபாமா அதை வைத்துத்தான் அவரை மடக்கினார், அது நியாயமான அடி. அரசு வழக்கறிஞராக ஹாரிஸ் எடுத்த நிலைப்பாடுகளை இடதுசாரிகளும், எல்லைக் குடியேற்றத்தில் அவருடைய செயல்பாட்டை வலதுசாரிகளும் கேள்வி கேட்டது அவர்கள் உரிமை. அதையெல்லாம் பாகுபாடு என்று தட்டிக்கழித்தால், உண்மையான பாகுபாட்டைச் சுட்டும்போது யாரும் நம்ப மாட்டார்கள். செய்ததைப் பற்றிய கேள்விக்குச் செய்கையால் பதில் சொல்ல முடியும். பிறப்பைப் பற்றிய கேள்விக்கு எந்தச் செய்கையாலும் பதில் சொல்ல முடியாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டினாலும், இன்னும் நீளமான சான்றிதழ் எங்கே என்பார்கள்.

2008 அக்டோபர் 10. மினசோட்டாவில் மெக்கெய்னின் கூட்டம். ஒரு மூதாட்டி ஒலிவாங்கியை வாங்கி, ஒபாமாவை என்னால் நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபி என்றார். மெக்கெய்ன் தலையை அசைத்து ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். “இல்லை அம்மா. அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்நாட்டுக் குடிமகன். சில அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்.” சொந்தக் கூட்டமே அன்று அவர் மீது முணுமுணுத்தது. துணிச்சலான பதில், இன்றைக்கு அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பதிலுக்குள் ஒரு முள் இருக்கிறது. அரபியா என்றதற்கு, இல்லை, கண்ணியமானவர் என்கிறார். அரபியாக இருந்துகொண்டு கண்ணியமான குடும்பஸ்தராக இருக்க முடியாதா? கேள்வியை அவர் மறுத்தார், கேள்விக்குள் இருந்த அளவுகோலை மறுக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து அதைச் செய்தவர் கோலின் பவல். குடியரசுக் கட்சிக்காரர், ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல், புஷ்ஷின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், தன் கட்சி வேட்பாளரை விட்டு ஒபாமாவை ஆதரிப்பதாக அறிவித்தார். ஒபாமா முஸ்லிம் என்று தன் கட்சிக்காரர்களே பேசுவதைச் சுட்டிக்காட்டினார். சரியான பதில், அவர் முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் என்பது. ஆனால் உண்மையிலேயே சரியான பதில் வேறு என்றார் பவல். முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன? இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பதில் ஏதாவது தவறு இருக்கிறதா? ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவன் தான் அதிபராகலாம் என்று கனவு காண்பதில் தவறு இருக்கிறதா?

பிறகு, ஒரு பத்திரிகையில் தான் பார்த்த புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், மகனின் கல்லறைக் கல்லில் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். கல்லில் வீரப் பதக்கங்களின் பெயர்கள், இராக்கில் இறந்தார் என்ற குறிப்பு, பிறந்த தேதி, இறந்த தேதி. வயது இருபது. கல்லின் உச்சியில் சிலுவை இல்லை, தாவீதின் நட்சத்திரம் இல்லை. பிறையும் நட்சத்திரமும் இருந்தன.